இரண்டு குண்டுகளுக்கு நடுவே

வெர்னா டூசெட் தன் புருஷனைச் சுட்டுக் கொன்று பதினோரு வருஷம் ஆகிறது. ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. ‘அந்தச் சனிக்கிழமை’ என்று இழுத்துவிட்டு வானிலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அமெரிக்காவின் வடகோடியில், வடக்கு மெய்னில் வானிலைக்கா பஞ்சம்? ஆறு மாதம் பனி, ஒரு மாதம் சேறு, மீதி கொசு. பேசித் தீராது.

வெர்னா மட்டும் ‘கொன்னேன்’ என்றுதான் சொல்வாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். தொழிலும் அதுதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் கூரையிலிருந்து தொங்கும் கொக்கிகள், எலும்பு அறுக்கும் ரம்பம், ஒரு குளிர் அறை. வேட்டைக் காலத்தில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போடும் மான்களைத் தோலுரித்து, துண்டு போட்டு, தடித்த வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். மற்ற மாதங்களில் பன்றி, ஆடு. நடுநடுவே சாலையில் வண்டி மோதிச் சாகும் மூஸ். குதிரையைவிட உயரமான காட்டுமான் அது. ஒன்று விழுந்தால் நாலு குடும்பத்துக்கு ஒரு வருஷக் கறி.

மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹாலிஸ் பிராட் வந்தபோது அப்படி ஒரு மூஸைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். மரலாரி இடுப்பில் மோதியிருந்தது. அடிபட்ட பக்கம் ரத்தம் கட்டிக் கறுத்து, கத்தி பட்டதும் கொழகொழவென்று வழிந்தது. முழங்கை வரை சிவப்பாக நின்றாள். ஹாலிஸ் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இப்போது மாவட்ட வேட்டைக் கழகத்தின் செயலாளர். ஒல்லியான மனிதர். வாசலிலேயே நின்றார்.

“உள்ள வரலாமா, இல்ல என்னையும் கொக்கியில மாட்டிடுவியா?”

“உங்க உடம்புல கறி ஏது ஹாலிஸ். சூப்புக்குக்கூட ஆகமாட்டீங்க. வாங்க.”

அவர் கையில் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள் இருந்தன. போன வாரம் வெர்னா கறி சுற்றும் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்ததை அவர் ஒழுங்குபண்ணிக் கொண்டுவந்திருந்தார். மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் சட்டசபைக் குழுவின் முன்னால் அவள் போய்ச் சொல்ல வேண்டிய வாக்குமூலம் அது.

“‘நான் என் புருஷனைக் கொன்றேன்’னு ஆரம்பிச்சிருந்தே,” என்றார். “அதை ‘அச்சுறுத்தலைத் தடுத்து நிறுத்தினேன்’னு மாத்தியிருக்கேன்.”

“அச்சுறுத்தலா? அது யாரு? அந்தப் பேர்ல நான் யாரையும் கட்டிக்கலையே.”

“கேக்கறவங்களுக்குக் கொஞ்சம் இதமா இருக்கட்டுமேன்னு.”

“குண்டு இதமா போகல. எழுதினதை எழுதினபடியே வையுங்க.”

விஷயம் இதுதான். சட்டசபையில் ஒரு மசோதா வந்திருந்தது. கடையில் துப்பாக்கி வாங்குகிறவனுக்கு அன்றைக்கே அதைக் கையில் கொடுக்கக் கூடாது, மூன்று நாள் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆத்திரத்திலோ விரக்தியிலோ வாங்குகிறவனுக்கு மனம் ஆற அவகாசம் வேண்டும் என்பது கொண்டுவந்தவர்களின் நியாயம். அது நியாயமில்லை என்று வெர்னாகூடச் சொல்லமாட்டாள். ஆனால் அவள் பட்டது வேறு. அவள் வியாழக்கிழமை மத்தியானம் வாங்கினாள். சனிக்கிழமை காலை ஆல்டன் வந்தான். அந்தச் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் துப்பாக்கி கைக்கு வந்திருக்கும். அதற்குள் அவளையும் ஒன்பது வயது மகளையும் அடக்கம் பண்ண ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். இதைத் தன் வாயால் சொல்ல அந்த மாவட்டத்தில் அவளை விட்டால் ஆளில்லை.

“மூணு நிமிஷம்தான் குடுப்பாங்க,” என்றார் ஹாலிஸ். “மேசையில பச்சை விளக்கு எரியும். மஞ்சள் வந்தா முடிக்கணும். சிவப்பு வந்தா வாயை மூடிடணும்.”

“பரவாயில்லையே. ஆல்டன் அவ்வளவு நேரம்கூடப் பேச விட்டதில்ல.”

கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். முட்டை வேகவைக்க வைத்திருந்த கடிகாரத்தைத் திருகி வைத்துப் படிக்கத் தொடங்கினாள். முதல் தடவை பதினோரு நிமிஷம் ஆயிற்று. பதினாறு வருஷத்துக் குடித்தனத்தை மூன்று நிமிஷத்தில் அடைப்பது என்றால் சும்மாவா?

ஆல்டனைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. உருளைக்கிழங்கு விவசாயியின் நாலாவது பெண். அவன் காட்டில் மரம் இழுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன். சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கல்யாணமான மூன்றாம் மாதம், தன் கத்தியை அவள் சரியாகத் தீட்டவில்லை என்று அவள் தலைமயிரைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். மறுநாள் அழுதான். அவள் நம்பினாள். அதற்குப் பிறகு அடி தொடர்ந்தது, அழுகை நின்றுவிட்டது.

“எதை எடுக்கலாம்னு சொல்லுங்க,” என்று தாளை மேசையில் வைத்தாள்.

ஹாலிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவன் இரும்பு வாணலியால் அவள் தாடையை உடைத்தது, ஆறு வாரம் பற்களைக் கம்பியால் கட்டிக்கொண்டு அவள் உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்தது எல்லாம் முக்கால் நிமிஷம் வந்தது. ஒரு பிப்ரவரியில் அவளைக் குளிர் அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டு, தொங்கும் பன்றிகளுக்கு நடுவே மாலை வரை நிற்க வைத்தது அரை நிமிஷம்.

“குளிர் அறையை எடுத்துடலாமா?”

“நீங்க உள்ள நின்னிருந்தா எடுக்கச் சொல்லமாட்டீங்க.”

“சரி, அப்ப காதை எடுத்துடு.”

“காதைத்தான் அவனே எடுத்துட்டானே.”

அவன் கன்னத்தில் விட்ட ஒரே அறையில் செவிப்பறை கிழிந்து அவளுக்கு இடது காது போய்விட்டது. அன்றிலிருந்து யார் பேசினாலும் வலது பக்கம் தலையைச் சாய்த்துத்தான் கேட்பாள். ஹாலிஸுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் காதும் குளிர் அறையும் போயின. தாடை ஒரு வரியாகச் சுருங்கியது. மகள் கோராவின் நாயை மட்டும் இருவரும் தொடவில்லை. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை விறகு பிளக்கும் கோடரியின் பின்பக்கத்தால் மண்டையில் போட்டான் ஆல்டன். இரண்டு அடி. நாய் கத்தக்கூட இல்லை.

“நாய் இருக்கட்டும்,” என்றாள் வெர்னா. “நம்ம ஊர்க்காரனுக்குப் பொண்டாட்டியை அடிச்சா கோபம் வராது. நாயை அடிச்சா வரும்.”

ஹாலிஸுக்கும் அந்த வீட்டு விஷயம் பேருந்து ஓட்டிய காலத்திலேயே தெரியும். மகளை ஏற்றிவிட வரும் வெர்னா கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள்.

நாயைப் புதைத்த மறுநாள் அவள் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினாள். ஆல்டன் ஏரிக்கரைக் குடிசைக்குப் போனான். உத்தரவுப்படி வீட்டிலிருந்த ஏழு துப்பாக்கிகளையும் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் மூன்று அவள் வேட்டைக்கு வைத்திருந்தவை. ரசீதெல்லாம் அவன் பெயரில் இருந்ததால் எல்லாம் போயிற்று. பதினொரு வயதிலிருந்து துப்பாக்கி பிடித்த பெண் வெறுங்கையோடு நின்றாள். புதன்கிழமை ஆல்டனிடமிருந்து போன் வந்தது. சனிக்கிழமை வந்து இரண்டு பேரையும் பிளந்து போடுகிறேன் என்றான். கத்தவில்லை, மரம் வெட்டப் போவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். போலீஸ் நிலையம் ஐம்பது நிமிஷத் தொலைவு. வியாழன் மத்தியானம் அவள் ஊரிலிருந்த இரும்புக் கடைக்குப் போய், படிவம் நிரப்பி, ஒரு ரிவால்வரோடு திரும்பினாள்.

இவையெல்லாம் தாளில் இருந்தன. கடைசிப் பகுதி இப்படி இருந்தது: ‘சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் கோடரியால் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தான். நான் இரண்டு முறை சுட்டேன். அவன் விழுந்தான். அவன் செத்தான், நாங்கள் இருக்கிறோம்.’

நாலாவது தடவை படித்தபோது இரண்டு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடியில் முடிந்தது. குழுவுக்குக் கொடுக்க இருபது பிரதி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஹாலிஸ் போனார்.

அந்த வாரக் கடைசியில் கோரா வந்தாள். இருபது வயது. பேங்கர் நகரத்தில் நர்ஸ் படிப்பு. படித்துக்கொண்டே ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் உதவியாளராக வேலை. அம்மாவைப்போலவே அகலமான தோள்கள். சிரித்தால் அப்பா. அதனாலேயோ என்னவோ அவள் வீட்டில் அதிகம் சிரிப்பதில்லை. சனிக்கிழமை என்பதால் வெர்னா பன்றிக் கொழுப்புப் போட்டுப் பீன்ஸ் வேகவைத்திருந்தாள். கோரா மேசையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“என்ன, எழுத்துப் பிழையா?” என்றாள் வெர்னா.

“வரிசை தப்பா இருக்கு.”

“எந்த வரிசை?”

“ரெண்டு தடவை சுட்டேன், அவன் விழுந்தான்னு போட்டிருக்கே. அப்படி இல்ல. சுட்டே, அவர் விழுந்தாரு, அப்புறம் சுட்டே.”

வெர்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆல்டனின் வண்டிச் சத்தம் கேட்டதும் அன்றைக்கு அவள் செய்த முதல் காரியம், பான்கேக் தின்றுகொண்டிருந்த குழந்தையை மாவு வைக்கும் அலமாரிக்குள் தள்ளிச் சாத்தியது. ‘முந்நூறு வரைக்கும் எண்ணு. நடுவுல என்ன சத்தம் கேட்டாலும் வெளிய வராதே’ என்று சொல்லியிருந்தாள்.

“நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்மா,” என்றாள் கோரா. “முதல் சத்தம் அம்பத்தெட்டுல. அடுத்தது நூத்தி முப்பத்தொண்ணுல.”

“ஒம்பது வயசுக் குழந்தை. பயத்துல எண்ணிக்கை தப்பியிருக்கும்.”

“தப்பல. பதினோரு வருஷமா தினமும் எண்ணிப் பார்க்கறேன். தப்பவே இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இத்தனை வருஷம் பரிமாறியாகிவிட்டது. இனி முடியாது என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. கரண்டியை வைத்துவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்த மான் கண்ணை மூடாது. விழுந்த மானின் கண் மூடியிருந்தால் கிட்டே போகாதே. திறந்திருந்தால் பின்பக்கமாகப் போய்த் துப்பாக்கி முனையால் கண்ணைத் தொடு. அசையாவிட்டால் கத்தியை எடு. இமைத்தால் இன்னொரு குண்டு. இதைச் செய்யாமல் மானின் மேல் காலைப் போட்டு நின்ற ஒருத்தன், அது துள்ளி எழுந்ததில் நாலு விலா எலும்பு முறிந்து கிடந்த கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். வெர்னா நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறாள். கை தானாகச் செய்யும்.

“முதல் குண்டு வயித்துக்கு மேல பட்டுது,” என்றாள். “கோடரியை விட்டுட்டு அப்படியே உக்காந்தான், சரிஞ்சான். வாயில ரத்தம் குமிழி விட்டுது. நான் கோடரியைக் காலால தள்ளிட்டேன். அப்புறம் கிட்ட போய்க் கண்ணைத் தொட்டேன். பழக்கம். இமைச்சான். சுட்டேன். அவ்வளவுதான் கோரா. மானுக்குச் செய்யறதைச் செஞ்சுட்டேன்.”

கோரா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“எண்பது எண்ணறப்ப அப்பா என்னைக் கூப்பிட்டாரு,” என்றாள். “‘கோரா, இங்க வாடா’ன்னு. ரெண்டு தடவை. உனக்குக் கேக்கலைன்னு சொல்லாதே. வலது காது நல்லாத்தான் கேக்குது.”

“கேட்டுது.”

“பேசற ஆளுக்கு உயிர் இருக்கான்னு கண்ணைத் தொட்டுப் பார்ப்பாங்களா?”

அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்கும் வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“அப்புறம் எதுக்கும்மா தொட்டே?”

“தெரியல.”

“தெரியும்.” கோராவின் குரல் உயரவில்லை. “நான் வெளிய வந்திருந்தா நீ சுட்டிருக்கமாட்டே. அவர் கூப்பிட்டாரு, நான் பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருந்தேன். அதை நினைச்சு எத்தனை நாள் சோறு இறங்காம இருந்திருக்கேன், தெரியுமா உனக்கு? நீ என்னடான்னா அவர் விழாம நின்னுக்கிட்டே செத்த மாதிரி எழுதி, இருபது காப்பி எடுத்து ஊருக்கெல்லாம் குடுக்கப்போறே.”

சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள். காலையில் வெர்னா எழுந்தபோது வாசலில் அவள் கார் இல்லை. சேற்றில் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது. வெர்னா கொட்டகைக்குப் போய் மீதியிருந்த மூஸ் தொடையை வெட்ட எடுத்தாள். எலும்பைச் சுற்றிப் போக வேண்டிய கத்தி எலும்பிலேயே இறங்கியது. முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஆனதில்லை. தாடை உடைந்த அன்றும் அழாதவள், அந்தக் கறியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெண்தான். அவளுக்காகத்தான் சுட்டோம் என்று நினைத்திருந்தாள். அவளையே இழந்தாகிவிட்டது.

வாக்குமூலம் சொல்லும் நாள் ஹாலிஸின் வண்டியில் போனார்கள். அகஸ்டாவுக்கு மூன்றரை மணி நேரம். பாதி வழியில் வெர்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஹாலிஸ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“இதை யாரும் கேக்கப்போறதில்ல, வெர்னா. அங்க சத்தியம் வாங்கறதுகூடக் கிடையாது. தாளைப் படி, எழுந்து வா.”

“யாராவது கேட்டா?”

“இடது காது இருக்குல்ல. அவன் பேசினது கேக்கலைன்னு சொல்லு. யாரால இல்லைன்னு சொல்ல முடியும்?” பிறகு மெதுவாகச் சொன்னார். “கொலைக்குக் காலக்கெடு கிடையாதும்மா. தற்காப்புன்னு கேஸை மூடினவங்களுக்குத் திறக்கவும் தெரியும். அவன் செத்தது ஊருக்கே நல்லது. அதுக்காக நீ ஜெயிலுக்குப் போகணுமா?”

வண்டி மறுபடி கிளம்பியதும் வெர்னா ஜன்னல் வழியாகப் பனி கரையும் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அறை நிறைந்திருந்தது. மசோதாவை ஆதரிப்பவர்களை முதலில் கூப்பிட்டார்கள். ஒரு அம்மா பேசினாள். அவள் மகன் காலை பத்து மணிக்குத் துப்பாக்கி வாங்கி, பத்தே முக்காலுக்குக் கடை வாசலில் நின்ற தன் வண்டியிலேயே வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டான். வண்டியின் கூரையிலிருந்து வழித்து எடுத்தார்கள் என்றாள். வெர்னா தன் காலணியைப் பார்த்தபடி இருந்தாள். அந்த அம்மா சொல்வதும் உண்மை, தான் சொல்லப்போவதும் உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை நிமிர்ந்தபோது பின்வரிசையில் கோரா நின்றுகொண்டிருந்தாள். பேச வந்தவர்கள் எழுதும் நோட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

வெர்னாவின் முறை வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ‘நான் என் புருஷனைக் கொன்றேன்’ என்று தொடங்கினாள். கதவைப் பிளந்த இடத்துக்கு வந்தபோது மஞ்சள் எரிந்தது. ‘நான் இரண்டு முறை சுட்டேன். அவன் விழுந்தான்’ என்று படிக்கும்போது பின்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. முடித்துவிட்டாள். ஹாலிஸ் மூச்சு விட்டார்.

குழுவில் ஒரு உறுப்பினர் மைக்கை இழுத்தார். மசோதாவை எதிர்க்கிறவர், அவளுக்குக் கை கொடுக்கத்தான் கேட்டார்.

“திருமதி டூசெட், நீங்க பட்டது யாருக்கும் வரக்கூடாது. ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு ரெண்டு குண்டும் ஒரே மூச்சுல சுட்டதாலதானே நீங்களும் குழந்தையும் உயிரோட இருக்கீங்க?”

ஆமாம் என்று சொன்னால் போதும். எழுந்து போய்விடலாம். ஒரே மூச்சில் சுட்டதாக அன்றைக்குப் போலீஸிடம் சொன்ன பொய்யை இங்கேயும் சொல்லியிருப்பாள்; அதற்கு அவள் கூசியிருக்க மாட்டாள். ஆனால் பின்வரிசையில் உண்மையைத் தன் காதால் கேட்ட ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

“இல்லைங்க,” என்றாள்.

“புரியல.”

“ஒரே மூச்சுல இல்ல. முதல் குண்டுலயே விழுந்துட்டான். அந்தக் குண்டு இல்லைன்னா நாங்க இல்ல. அதுக்குத்தான் இங்க வந்தேன். ரெண்டாவது குண்டு வேற. அவன் கையில ஒண்ணும் இல்ல. எம்பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். உயிரோட இருக்கான்னு நல்லாத் தெரியும். துப்பாக்கி முனையால கண்ணைத் தொட்டேன். செத்தானான்னு பார்க்க இல்ல. இது மனுஷன் இல்ல, மிருகம்னு எனக்கு நானே சொல்லிக்கத் தொட்டேன். இமைச்சான். கழுத்துல வெச்சுச் சுட்டேன். விட்டிருந்தா அவனுக்கு ஆஸ்பத்திரி, ஜெயில், அஞ்சு வருஷம், அப்புறம் மறுபடி எங்க கதவு. அதை நான் விட்டுவைக்கல.”

கேள்வி கேட்டவர் தன் தாள்களை அடுக்கினார், மறுபடியும் அடுக்கினார். சுவரோரம் நின்ற காவலர், குழுத் தலைவியின் முகத்தைப் பார்த்தார். ஹாலிஸ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். வெர்னா தானாகவே எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்னும் பலர் பேசினார்கள். எதிர்ப்பவர்கள் முடிந்ததும் மூன்றாவது பட்டியலை எடுத்தார்கள். அந்த மாநிலத்தில் அப்படி ஒன்று உண்டு: ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று எழுதிக்கொடுப்பவர்களின் பட்டியல். தலைவி பெயரைப் படித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார்.

“கோரா டூசெட்.”

கோரா வந்து உட்கார்ந்தாள். கையில் எழுதிய தாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்ததை எழுதி வந்திருப்பாள் போலிருக்கிறது. அதை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

“இப்பப் பேசினது எங்கம்மா,” என்றாள். “அவங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டிருப்பீங்க. நான் சொல்றதையும் குறிச்சுக்குங்க. அன்னைக்கு அந்தச் சமையலறையில நாங்க மூணு பேர் இருந்தோம். ஒருத்தர் இப்ப இல்ல. அவர் அடிச்ச அடியில அம்மாவுக்கு ஒரு காது கேக்காது. அந்த நாளை நினைச்சு நினைச்சுத் தன்னையே குத்தவாளி ஆக்கிக்கிட்டாங்க. எனக்கு ரெண்டு காதும் கேக்கும். அலமாரிக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

வெர்னா வலது பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“முதல் சத்தம் அம்பத்தெட்டுல கேட்டுது. ரெண்டாவது அம்பத்தொம்பதுல. நடுவுல ஒண்ணும் இல்ல. யாரும் பேசல.” கோரா மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். “எங்கப்பா என்னைக் கூப்பிடவே இல்ல.”

பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மசோதாவைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று தலைவி கேட்டார். இல்லை என்று கோரா எழுந்துவிட்டாள். எழுத்தர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். காவலர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

வெர்னா எழுந்து நின்றிருந்தாள். அது பொய் என்று சொல்ல வாயைத் திறந்திருந்தாள். கோரா வரிசைக்குள் நுழைந்து வந்து அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். நர்ஸின் கை, வலித்தது.

“உக்காரும்மா,” என்றாள், அவளுடைய வலது காதருகே குனிந்து. “உன் மூணு நிமிஷம் முடிஞ்சுபோச்சு.”

வெர்னா உட்கார்ந்தாள்.